தென்றலுக்கும் பயறுக்கும் என்ன சம்பந்தம்?

பங்குனி மாதம் ஏழாம் தேதி, சனிக்கிழமையன்று, நமக்கு ஒரு பெரும் பாக்கியம் கிட்டியது. பாக்கியம் என்றதும், புதையல் அகப்பட்டதாகவோ, சம்பளம் உயர்ந்ததாகவோ வாசகர்கள் எண்ணிவிட வேண்டாம். பள்ளிக்கூட உபாத்தியாயர்களுக்கு அப்படிப்பட்ட விபரீதங்கள் எளிதில் நேர்வதில்லை. அன்று காலை ஒன்பது மணி முதல் மாலை ஐந்து மணி வரையில் நம் ஊரில் மின்சாரம் கிடையாது; அவ்வளவுதான்.

கம்பிகளையும் கம்பங்களையும் மராமத்துச் செய்வதற்காக அவ்வப்போது இப்படி மின்சாரத்தை நிறுத்தி வைப்பது வழக்கம். அந்த நாளைச் சபிக்காதவர் ஊரில் இல்லை, நாமும் சபித்திருக்கிறோம். ஆனால் அன்று மணி ஒன்பது ஆனதும் நடந்ததைக் கேளுங்கள். எதிர் வீட்டுத் தொலைக்காட்சி வாயை மூடிற்று. பக்கத்து வீட்டு மிக்ஸி ஓய்ந்தது. தண்ணீர் இறைக்கும் மோட்டார் நின்றது. தெருக்கோடித் தேநீர்க்கடை ஒலிபெருக்கி ஒரு பாட்டின் நடு அடியில் திடீரென்று மௌன விரதம் பூண்டது. நம் தெருவில் இத்தனை சத்தங்கள் இருந்தன என்பதே அப்போதுதான் தெரிந்தது. அவற்றுக்கு அடியில் வேறு சில சத்தங்கள் இருந்தன என்பதும் தெரிந்தது. அணில் ஒன்று விடாமல் கத்திக் கொண்டிருந்தது. எந்த வீட்டிலோ அம்மி ஓடிற்று. வாசலில் நிற்கும் புங்க மரத்திலிருந்து சருகு உதிர்ந்து தரையில் விழுகிற ஓசைகூடக் கேட்டது.

நம் ஊர் கும்பகோணத்துக்குக் கிழக்கே, அரசலாற்றங்கரையில் இருக்கும் ஒரு சிற்றூர். ஊரில் ஒரு பெருமாள் கோயில், ஒரு உயர்நிலைப் பள்ளி, நாலு தெரு, சுற்றிலும் வயல். அந்தப் பள்ளியில் நாம் தமிழ் போதித்து வருகிறோம். வீட்டில் எட்டாம் வகுப்பு இலக்கண விடைத்தாள்கள் அறுபது, திருத்தப்படாமல் நம்மைப் பார்த்துக் கொண்டிருந்தன. அவற்றை எடுத்துக்கொண்டு கூடத்தில் உட்காரலாம் என்று நினைத்தபோது, மாடியிலிருந்து நம் இல்லத்தரசியின் குரல் வந்தது.

"என்னங்க! அந்தப் பேப்பரை எல்லாம் இங்கே மாடிக்கு எடுத்துக்கிட்டு வாங்களேன். திருத்தினாப்போலவும் இருக்கும், காக்காய் ஓட்டினாப்போலவும் இருக்கும்!"

விஷயம் இதுதான். பங்குனி வெயில் வடாம் இடுவதற்கு மிகவும் உகந்தது. விடியற்காலை நாலு மணிக்கே எழுந்து, அரிசிக் கூழ் கிண்டி, உப்பும் பச்சை மிளகாயும் சீரகமும் சேர்த்து, நம்முடைய பழைய வேஷ்டி ஒன்றை மாடியில் விரித்து, அதில் வரிசை வரிசையாக வடாம் பிழிந்து வைத்திருந்தாள். காக்கைக் காவலுக்கு இரண்டு காவலர்களை அவள் ஏற்பாடு செய்திருந்தாள். ஒன்று, விரித்து வைத்த கறுப்புக் குடை. மற்றொன்று, நாம். குடை அளவுக்கு நாம் கடமையில் உறுதியாய் இருந்தோம் என்று சொல்வதற்கில்லை. ஏனெனில் மாடிக்குப் போய் உட்கார்ந்த கால் மணி நேரத்துக்குள் விடைத்தாள், வடாம், காக்கை மூன்றையும் மறந்துவிட்டோம். அதற்குக் காரணம் புங்க மரம்.

*

புங்க மரத்தைத் தினமும் பார்க்கிறோம். அதன் நிழலில் சைக்கிளை நிறுத்துகிறோம். ஆனால் அதன் உச்சியோடு உச்சியாக உட்கார்ந்து பார்ப்பது வேறு. ஒரு கிளையில் இலைகள் பழுத்து, தொட்டால் விழும் நிலையில் நின்றன. அதற்கு அடுத்த கிளை மொட்டையாக இருந்தது. அதற்கும் அடுத்த கிளையில் குழந்தையின் உள்ளங்கையைப் போல மினுமினுப்பாக, இளஞ்சிவப்பும் பச்சையும் கலந்த துளிர்கள். கீழ்க்கிளை ஒன்றில் மொட்டுக்கூட விட்டிருந்தது. இன்னும் சில நாளில் அது பூத்து, தெருவெல்லாம் பொரியை இறைத்தாற்போல் உதிரும். புங்கம் பூவுக்குப் பொரியை உவமை சொல்லிய நம் பழம் புலவர்கள் நிச்சயமாக மரத்தடியில் நின்று பார்த்தவர்கள்.

சாவும் பிறப்பும் ஒரே மரத்தில் ஒரே நாளில் நடைபெறுவதைப் பார்த்ததும் நமக்கு ஒரு சந்தேகம் எழுந்தது. மழை நின்று மூன்று மாதம் ஆகப் போகிறது. ஆற்றில் தண்ணீர் இல்லை. இனி வரப்போவதோ கோடை. இந்தச் சமயத்தில் எந்த தைரியத்தில் இந்த மரம் புதுத் துளிர் விடுகிறது? இதைத் தாவர சாஸ்திரிகளும் ஆராய்ந்திருக்கிறார்கள். நம் நாட்டு மரங்கள் பலவற்றின் வேர் ஆழமானது. மேல் மண் காய்ந்தாலும் அடி மண்ணின் ஈரம் அவற்றுக்கு எட்டும். பழைய இலைகளை உதிர்த்துவிட்டால் அவற்றின் வழியே ஆவியாகிற தண்ணீர் மிச்சமாகும். அந்த மிச்சம் உடலில் ஊறியதும், பகல் பொழுது நீண்டுகொண்டு வருவதையே சமிக்ஞையாகக் கொண்டு மரம் துளிர்க்கிறது. மழையை எதிர்பார்த்து அது உட்கார்ந்திருப்பதில்லை. குளிர் நாடுகளில் இலை உதிர்வது ஒரு பருவம், துளிர்ப்பது ஒரு பருவம். நடுவே பனியுறைந்த மாதங்கள். நம் புங்கமும் வேம்பும் அரசும் இரண்டையும் ஒரே பருவத்தில் முடித்துக்கொள்கின்றன.

இப்படி நினைத்தபோதே நெஞ்சில் ஏதோ முள் தைத்தாற்போல் இருந்தது. 'வசந்த காலத்தில் மரத்தில் இலை எல்லாம் கொட்டும்' என்று யாரோ நம்மிடம் சொன்னார்களே! யார் அது?

யார் என்று உடனே ஞாபகம் வந்துவிட்டது. வந்ததும், அதுவரை இனித்த வெயில் சற்றுச் சுட்டது.

*

அதற்கு ஒன்பது நாளைக்கு முன், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு 'வசந்த காலம்' என்ற தலைப்பில் வியாசம் எழுதும்படி கொடுத்திருந்தோம். நாற்பத்திரண்டு பிள்ளைகள். நாற்பத்தொரு பேர் ஏறக்குறைய ஒரே வியாசத்தை எழுதியிருந்தார்கள். தென்றல் தவழ்ந்தது, குயில் கூவியது, சோலைகள் பூத்துக் குலுங்கின, வண்டுகள் ரீங்காரம் செய்தன. அத்தனையும் கடைகளில் விற்கும் வழிகாட்டிப் புத்தகத்தின் கைங்கரியம். நாமும் வழக்கம் போல் ஆறு, ஏழு, எட்டு என்று மார்க்கு வழங்கினோம்.

நாற்பத்திரண்டாவது நோட்டுப் புத்தகத்தில் பதினொரு வாக்கியங்களே இருந்தன. அவை பின்வருமாறு:

"வசந்த காலம் பங்குனி மாதம் வரும். வசந்த காலத்தில் மரத்தில் இலை எல்லாம் கொட்டும். ஆற்றில் தண்ணீர் இருக்காது. நாங்கள் ஆற்றில் கிரிக்கெட் ஆடுவோம். எங்கள் வயலில் பயறு காய்க்கும். மழை கிடையாது. பயறு பனியைக் குடித்தே வழரும். சாயங்காலம் தென்றல் வரும். தென்றல் வந்தால் அம்மா பயறு தூற்றுவாள். தென்றல் வராவிட்டால் அம்மா திட்டுவாள். இதுவே வசந்த காலம் ஆகும்."

இதற்கு நாம் பத்துக்கு மூன்று மார்க்குப் போட்டோம். பங்குனியைச் சிவப்பு மையால் அடித்து 'சித்திரை, வைகாசி' என்று எழுதினோம். 'கொட்டும்' என்பதை அடித்து 'துளிர்க்கும்' என்று திருத்தினோம். ஓரத்தில், 'தென்றலுக்கும் பயறுக்கும் என்ன சம்பந்தம்?' என்று கேட்டு வைத்தோம். அதோடு நிற்கவில்லை. வியாசம் எப்படி எழுதக் கூடாது என்பதற்கு உதாரணமாக, வகுப்பில் அதை உரக்கப் படித்தும் காட்டினோம். 'அம்மா திட்டுவாள்' என்ற இடத்தில் வகுப்பு முழுவதும் சிரித்தது. நாமும் சிரித்தோம். எழுதிய பையன் மாத்திரம் நோட்டுப் புத்தகத்தின் ஓரத்தைக் கிழித்துக் கிழித்து உருட்டிக் கொண்டிருந்தான்.

அன்று அது ஒரு பெரிய விஷயமாகத் தோன்றவில்லை. மணி அடித்தது, அடுத்த வகுப்புக்குப் போனோம். ஆனால் இப்போது, மின்சாரம் இல்லாத இந்த மாடியில், அவன் எழுதிய இரண்டாவது வாக்கியம் நம் கண்ணெதிரே ஒவ்வொரு சருகாக விழுந்து கொண்டிருந்தது.

சரி, இலை விஷயத்தில் அவன் சொன்னது வாஸ்தவந்தான். மாதத்தையாவது தப்பாக எழுதவில்லையா என்று மனத்தைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தோம். சித்திரை, வைகாசி இளவேனில் என்றும், மாசி, பங்குனி பின்பனி என்றும் நாமே ஆண்டுதோறும் நெட்டுருப் போட வைக்கிறோம். ஆனால் அந்த ஆறுதலும் நிலைக்கவில்லை. மார்கழியில் தென்கிழக்கே, தென்னந்தோப்புக்கு மேல் உதித்த சூரியன், அன்று காலையில் நேர் கிழக்கே, பெருமாள் கோயில் கோபுரத்துக்குப் பின்னாலிருந்து உதித்ததை நாமே பார்த்தோம். ஆண்டுதோறும் மார்ச்சு மாதம் 20 அல்லது 21-ஆம் தேதி, அதாவது பங்குனி ஆறு ஏழு தேதிவாக்கில், சூரியன் பூமத்திய ரேகைக்கு நேரே வருகிறது. பகலும் இரவும் ஏறக்குறைய சமமாகின்றன. வானசாஸ்திரத்தின்படி வசந்தம் தொடங்குவது அன்றுதான்.

அப்படியானால் சித்திரைக் கணக்கு எங்கிருந்து வந்தது? நம் முன்னோர் தப்பாகக் கணக்கிடவில்லை. பூமியின் அச்சு, சுற்றி ஓயும் பம்பரத்தைப் போல மெல்லத் தலை சாய்த்து வட்டமிடுகிறது. ஒரு வட்டம் முடிய ஏறக்குறைய 26,000 ஆண்டு. ஆகவே, நட்சத்திரங்களை வைத்து ஆண்டைக் கணக்கிடும் நம் பஞ்சாங்கம், பருவங்களிலிருந்து சுமார் 72 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் விலகிக்கொண்டே வருகிறது. சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன், சித்திரை பிறக்கும் நாளும் சம இரவு நாளும் ஒன்றாகவே இருந்தன. இப்போது அவற்றுக்கு இடையே மூன்று வாரத்துக்கும் மேல். சுதந்திரம் பெற்ற பின் 1952-இல், விஞ்ஞானி மேகநாத் ஸாஹாவின் தலைமையில் பஞ்சாங்கச் சீர்திருத்தக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. அதன் யோசனைப்படி 1957-ஆம் ஆண்டு மார்ச்சு 22-ஆம் தேதி வழக்குக்கு வந்த தேசீயப் பஞ்சாங்கத்தில், ஆண்டின் முதல் நாள் சம இரவு நாளை ஒட்டியே வைக்கப்பட்டிருக்கிறது. ஆக, பஞ்சாங்கக் குழுவும் சூரியனும் புங்க மரமும் ஒரு பக்கம். நாமும் நம் சிவப்பு மையும் மறு பக்கம்!

*

இதற்குள் காக்கைகள் தம் கடமையைச் செய்துவிட்டன. கடைசி வரிசையில் ஏழு வடாம்களைக் காணோம். இல்லத்தரசி மேலே வந்து எண்ணிப் பார்த்தாள். விடைத்தாள்களையும் எண்ணிப் பார்த்தாள்.

"எத்தனை திருத்தினீங்க?"

"யோசித்துக் கொண்டிருந்தோம்."

"அது தெரியுது. காக்காய்க்கும் தெரிஞ்சிருக்கு" என்றாள். பிறகு சிரித்துவிட்டு, கொல்லைக்கு வந்து மாவடு பொறுக்கும்படி உத்தரவிட்டாள்.

கொல்லையில் ஒரு நாட்டு மாமரம் இருக்கிறது. முந்தின இரவுக் காற்றில் கட்டை விரல் பருமனுக்குப் பிஞ்சுகள் உதிர்ந்திருந்தன. காம்பு முறிந்த இடத்தில் பால் துளிர்த்து, அந்த வாசனை கொல்லை முழுவதும் கமழ்ந்தது. கழுவித் துடைத்து, விளக்கெண்ணெயைப் பூசிப் புரட்டி, கல்லுப்பும் மஞ்சளும் மிளகாய்ப் பொடியும் கடுகுப் பொடியும் சேர்த்துச் சீனா ஜாடியில் போட்டாள். தினமும் ஒரு முறை ஜாடியைக் குலுக்கிவிட்டால் போதும். உப்பு, பிஞ்சுக்குள் இருக்கும் நீரை வெளியே இழுக்கும்; வடு சுருங்கும்; தன் நீரிலேயே தான் ஊறும். வெளியிலிருந்து ஒரு துளித் தண்ணீரும் ஊற்றலாகாது.

பகல் சாப்பாடு வேப்பம்பூ ரசமும் மோரும். போன வருஷத்துப் பூ. இந்த வருஷத்துப் பூ இன்னும் மரத்தில்தான் இருக்கிறது. மின்விசிறி இல்லாததால் திண்ணையில் பாயை விரித்துப் படுத்தோம். ஆண் குயில் ஒன்று விடாமல் கூவிற்று. நாற்பத்தொரு பிள்ளைகளும் 'குயில் தன் இனிய குரலில் கூவினாள்' என்று எழுதியிருந்ததும், அதை நாம் திருத்தாமல் விட்டதும் நினைவுக்கு வந்தன. இவ்வளவு பலமாகக் கூவுவது கருநிற ஆண் பறவை. பெட்டை பழுப்பு நிறம், உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி. அதற்கு இந்தக் கீதம் கிடையாது. காக்கைகள் கூடு கட்டும் காலம் வருகிறது. அந்தக் கூட்டில் முட்டையிட அது சமயம் பார்த்துக் கொண்டிருக்கும். தப்பாக எழுதிய நாற்பத்தொரு பேருக்கு ஆறு, ஏழு, எட்டு மார்க்கு. கண்டதை எழுதிய ஒருவனுக்கு மூன்று. நல்ல நியாயம்!

*

வெயில் தாழ்ந்ததும் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு ஆற்றங்கரைப் பக்கம் புறப்பட்டோம். மின்சாரம் அதற்குள் வந்துவிட்டது. தேநீர்க்கடைப் பாட்டு, காலையில் விட்ட இடத்துக்குச் சம்பந்தமில்லாத வேறோரிடத்தில் தொடங்கி நம்மைத் தெருமுனை வரையில் துரத்திற்று. அதற்கப்பால் அமைதி.

மேட்டூர் அணையைத் தை மாதத்தில் மூடிய பிறகு, அரசலாற்றில் மணல்தான். அங்கங்கே குட்டையாகத் தேங்கிய நீரில் கொக்குகள் நின்றன. மணலின் நடுவே மூன்று குச்சிகளை நட்டு, பிள்ளைகள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். 'நாங்கள் ஆற்றில் கிரிக்கெட் ஆடுவோம்.' அவர்களில் பாதிப் பேர் நம் வகுப்பு மாணவர்கள்; வசந்த கால வியாசத்தில் சோலையில் உலாவியவர்கள்! நம்மைக் கண்டதும் மட்டையை முதுகுக்குப் பின்னால் ஒளித்து, "வணக்கம் சார்!" என்றார்கள்.

கரையேறினால் இரு புறமும் வயல். சம்பா அறுப்பு முடிந்து வெகு நாளாயிற்று. ஆனால் வயல் சும்மா கிடக்கவில்லை. நெல் தாளுக்கு இடையில் பச்சைப் பயறும் உளுந்தும் செழித்திருந்தன. இது காவிரிப் பாசன விவசாயிகளின் கெட்டிக்காரத்தனம். நெல் அறுப்பதற்கு ஒரு வாரம் பத்து நாளைக்கு முன், மண் மெழுகு பதத்தில் இருக்கும்போதே, நிற்கிற பயிருக்குள் பயறை வீசி விதைத்துவிடுவார்கள். உழவு இல்லை, பாய்ச்சல் இல்லை. மண்ணில் எஞ்சிய ஈரமும், தை மாசிப் பனியுமே அதற்கு ஆதாரம். அறுபத்தைந்து எழுபது நாளில் காய் முற்றிவிடும். போதாததற்கு, அதன் வேர் முடிச்சுக்களில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து மண்ணுக்கும் உரமூட்டுகின்றன. இதையெல்லாம் புத்தகத்தில் படித்து அறிந்தவர்கள் நாம். 'பயறு பனியைக் குடித்தே வழரும்' என்று எழுதியவன் அதைப் பார்த்து அறிந்தவன். எழுத்துப் பிழை ஒன்று இருந்தது; வாஸ்தவம். ஆனால் இருபது வருஷமாகத் தமிழ் சொல்லிக் கொடுக்கும் நாம் இப்படி ஒரு வாக்கியம் எழுதியதுண்டா?

வயல் ஓரத்துச் சிமெண்டுக் களத்தில் ஒரு பெண்மணி, தலைக்கு மேல் முறத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிலைபோல் நின்றாள். காலடியில், அடித்துக் குவித்த பயறும் நெற்றுத் தோலுமாக ஒரு சிறு குவியல். பக்கத்தில் ஒரு பையன் வாரியலோடு நின்றான். அவள் காற்றுக்காகக் காத்திருந்தாள். காற்று வரவில்லை.

"பாழாப்போன காத்து, எங்கே போய்த் தொலைஞ்சுது! நேரத்துக்கு வந்தாத்தானே!" என்று அவள் வைதாள்.

பையன் சிரித்தான். சிரித்தபடியே திரும்பியவன் நம்மைப் பார்த்தான். சிரிப்பு நின்றுவிட்டது. அவன்தான்.

அந்தச் சமயத்தில், அரசலாற்று மணலைத் தாண்டி, தெற்கேயிருந்து காற்று வந்தது. முதலில் வயலில் பயற்றங்கொடிகள் அசைந்தன. பிறகு நம் தோள் துண்டு அசைந்தது. அவள் முறத்தை லேசாகச் சாய்த்தாள். பயறு நேராகக் கீழே இறங்கிற்று. தோலும் சருகும் பொன் தூள் போல விலகிப் பறந்து போயின. சில, நம்முடைய வேஷ்டியிலும் வந்து ஒட்டிக்கொண்டன. தென்றலுக்கும் பயறுக்கும் உள்ள சம்பந்தத்தை நாம் கேட்டிருந்தோம் அல்லவா? இதோ பதில்!

முறம் காலியானதும் அவள் நம்மைப் பார்த்து, முந்தானையைச் சரி செய்துகொண்டு ஒதுங்கி நின்றாள்.

"வாங்க ஐயா. தூசு பட்டுட்டுதுங்களா? கவனிக்கலீங்க" என்றாள். பிறகு, உபாத்தியாயரைக் கண்ட தாய்மார்கள் எல்லோரும் கேட்கும் கேள்வியைக் கேட்டாள். "பையன் நல்லாப் படிக்கிறானுங்களா, ஐயா?"

பையன் தரையைப் பார்த்தான். மூன்று மார்க்கையும், வகுப்பின் சிரிப்பையும் பற்றி அவன் வீட்டில் மூச்சு விடவில்லை என்று தெரிந்தது. இந்தக் கேள்விக்கு நம்மிடம் தயாரான விடைகள் சில உண்டு. 'இன்னும் கொஞ்சம் கவனம் வேண்டும்' என்பது ஒன்று. 'வீட்டில் கண்டித்து வளருங்கள்' என்பது மற்றொன்று. அவற்றில் ஒன்றுகூட அப்போது வாய்க்கு வரவில்லை.

"நன்றாக எழுதுகிறான், அம்மா. பார்த்ததை எழுதுகிறான். அதை நாம்தான் சரியாகப் படிக்கவில்லை" என்றோம்.

அவளுக்குப் பாதிதான் விளங்கியது. ஆனாலும் முகம் மலர்ந்தது. பையன் தலை நிமிர்ந்து நம்மைப் பார்த்தான். சந்தோஷத்தோடு பார்த்தான் என்று எழுத ஆசைதான். ஆனால் அவனிடமிருந்தே ஒரு பாடம் கற்றுக்கொண்ட நாளில் பொய் எழுதக் கூடாது. சந்தேகத்தோடுதான் பார்த்தான். ஒரு முறை எல்லோர் முன்னிலையிலும் சிரிக்கப்பட்டவன் அவ்வளவு சுலபமாக நம்பிவிடுவானா?

வேண்டாம் என்று சொல்லியும் கேளாமல், அவள் இரண்டு கை புதுப் பயறை நம் துண்டின் நுனியில் முடிந்து கொடுத்தாள். வீடு திரும்பும்போது மேற்கு வானத்தில் நகக்கீற்றுப்போல் ஒரு பிறை நின்றது. வாசலில் புங்கஞ் சருகைப் பெருக்கிக் குவித்திருந்தார்கள். அதன் மேல் அதற்குள் புதிதாகப் பத்துப் பதினைந்து சருகுகள். இல்லத்தரசி துண்டு முடிச்சை அவிழ்த்து, பயறை உள்ளங்கையில் எடுத்துப் பார்த்து, "புதுசு! ஏது?" என்று கேட்டாள். சொன்னோம். எல்லாவற்றையும் சொன்னோம். அவள் சிரிக்கவில்லை. "திங்கட்கிழமை வகுப்பில் என்ன சொல்லப் போறீங்க?" என்று மாத்திரம் கேட்டாள்.

*

திங்கட்கிழமை அந்த நோட்டுப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி, வகுப்பில் மறுபடியும் படித்தோம். இந்தத் தடவை மெதுவாக, ஒவ்வொரு வாக்கியமாக. நம்முடைய சிவப்புத் திருத்தங்களையும் படித்து, அவற்றில் எவ்வெவை தப்பு என்பதைச் சொன்னோம். 'அம்மா திட்டுவாள்' என்ற இடத்தில் இரண்டொருவர் சிரிக்கத்தான் செய்தார்கள். ஆனால் அது வேறு மாதிரிச் சிரிப்பு. அவர்கள் வீட்டிலும் யாராவது காற்றைத் திட்டியிருப்பார்கள். மூன்றை அடித்து எட்டாக்கினோம். 'வழரும்' என்பதற்காக ஒன்று, பதினொரு வாக்கியத்தோடு நிறுத்திவிட்டதற்காக ஒன்று. இந்த இரண்டையும் குறைக்காமலிருக்க உபாத்தியாயருடைய மனம் இடங்கொடுக்கவில்லை.

மணி அடித்த பிறகு அவன் நம்மிடம் வந்தான்.

"சார், புத்தகத்துல சித்திரைன்னுதானே இருக்கு? முழுப் பரீட்சையில எதை எழுதறது?"

இருபது வருஷ அனுபவத்தில் இவ்வளவு கஷ்டமான கேள்வியை ஒரு மாணவனும் நம்மைக் கேட்டதில்லை. பொதுப் பரீட்சை எழுதும் காலம் அவனுக்கு அடுத்த வருஷம் வரும். அந்த விடைத்தாளை நாம் திருத்தப் போவதில்லை. முகம் தெரியாத வேறொரு உபாத்தியாயர், எங்கோ ஒரு ஊரில், கட்டுக் கட்டாகக் குவிந்த தாள்களுக்கு நடுவில், சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்திருப்பார்.

"புத்தகத்தில் இருப்பதை முதலில் எழுது. அதற்குக் கீழே, நீ பார்த்ததையும் எழுது" என்று சொன்னோம்.

அவன் தலையை ஆட்டிவிட்டுப் போனான். இந்த யோசனையால் அவனுக்கு மார்க்குக் கூடுமோ குறையுமோ, நமக்குக் கவலையாகத்தான் இருக்கிறது. அவனுடைய தாளைத் திருத்தப்போகும் அந்த உபாத்தியாயர் இந்தப் பத்திரிகையைப் படிக்கிறவராய் இருக்க வேண்டும் என்பதே இப்போது நம்முடைய பிரார்த்தனை. அப்படிப் படிக்கிறவராயிருந்தால், அவருக்கு ஒரு விண்ணப்பம்: பேனாவைத் திறப்பதற்கு முன் ஒரு சாயங்காலம் வயற்பக்கம் போய்விட்டு வாருங்கள், ஐயா.